வீட்டு வேலையும் முதுகும்: எதை மாற்றினால் வலி குறையும்?

உலகில் மனிதர்களை அதிக ஆண்டுகள் முடக்கிப்போடும் உடல்நலக் குறைகளில் முதலிடம் இடுப்பு வலிக்குத்தான். 2020-இல் 61.9 கோடிப் பேர் இந்த வலியோடு வாழ்ந்தார்கள். 2050-இல் இந்த எண்ணிக்கை 84.3 கோடியைத் தொடும் என்று, உலக நோய்ச்சுமை ஆய்வின் அடிப்படையில் 2023-இல் வெளியான லான்செட் குழும இதழ்க் கட்டுரை கணித்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கே பாதிப்பு அதிகம்.

தொழிற்சாலையில் ஒருவர் எவ்வளவு பாரம் தூக்கலாம் என்பதற்குச் சட்டம் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டிலேயே தொழிற்சாலைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, காயம் உண்டாக்கக்கூடிய பாரத்தை யாரையும் தூக்கவைக்கக் கூடாது என்றது. வீடும் வேலைத்தளம்தான். ஆனால் அங்கே தண்ணீர்க் குடத்துக்கும், ஊறிய போர்வைக்கும், கேஸ் சிலிண்டருக்கும் எந்த வரம்பும் கிடையாது. வீட்டு வேலையில் முதுகைக் காப்பது எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: “குனியாதே, முழங்காலை மடக்கித் தூக்கு.” இந்தப் பதில் எவ்வளவு தூரம் சரி? அறுபது ஆண்டு கால ஆய்வுகளையும் நம் வீடுகளின் அன்றாடத்தையும் சேர்த்துப் பார்த்தால், வலியைக் குறைக்க நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும் என்று தெரிகிறது. வேலையின் உயரம், பாரத்தின் அளவு, தொடர்ந்து செய்யும் நேரம், வேலையை யார் யார் பகிர்கிறார்கள் என்பது. தூக்கும் முறை இவற்றுக்கு அடுத்துத்தான் வருகிறது.

குனியும்போது நடப்பது

இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் அடுக்கி நிற்கின்றன. அவற்றின் நடுவே, பேச்சு வழக்கில் ஜவ்வு என்று சொல்லப்படும் வட்டுகள் இருக்கின்றன. முதுகுத் தசைகள் இந்த எலும்புகளின் மையத்திலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் பின்னால் இருந்துகொண்டு இழுக்கின்றன. கையில் இருக்கும் வாளியோ 40 சென்டிமீட்டர் முன்னால் தொங்குகிறது. எட்டு மடங்கு தூரம் என்பதால் 10 கிலோ வாளியைத் தாங்கத் தசை 80 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. முன்னால் சாய்ந்த மேலுடம்பின் எடையைத் தாங்குவது இதற்கு மேல். இத்தனை இழுவிசையும் கடைசியில் வட்டின் மீது அழுத்தமாக இறங்குகிறது.

இந்த அழுத்தத்தை மனித உடலுக்குள்ளேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். 1960-களில் சுவீடன் மருத்துவர் நாகெம்சன் தொடங்கிய முறை இது. 1999-இல் ஜெர்மனியின் உல்ம் நகரைச் சேர்ந்த வில்கே குழுவினர் ஒரு தன்னார்வலரின் இடுப்பு வட்டுக்குள் நுண்ணிய அழுத்தமானியைப் பொருத்தி அளந்தார்கள். நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கலாக இருந்த அழுத்தம், வெறுங்கையோடு முன்னால் குனிந்தாலே 1.1 ஆனது. முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கியபோது 2.3-க்குப் போனது. முழங்காலை மடக்கி, உடலோடு ஒட்டித் தூக்கியபோது 1.7. அதே 20 கிலோவை நெஞ்சோடு அணைத்து நின்றபோது 1.1. நெஞ்சிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தபோது 1.8. ஒரே ஒருவரிடம் எடுத்த அளவுகள்தான் என்றாலும், எடையைப் போலவே தூரமும் முதுகை வதைக்கும் என்பதை இவை தெளிவாகக் காட்டுகின்றன.

துணி துவைக்கும் இடத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வாளியில் ஊறிய இரட்டைக் கட்டில் போர்வை, நீரோடு சேர்ந்து பல கிலோ கனக்கும். கால்களை அகட்டி நின்று, முதுகை முழுதாக வளைத்து, வாளியின் அடியிலிருந்து ஒரு முனையைப் பிடித்து இழுக்கிறார் ஒரு பெண். போர்வை பாதி மேலே வந்ததும் தண்ணீர் வடியட்டும் என்று அப்படியே ஒரு நொடி பிடித்திருக்கிறார். பிறகு நிமிராமலே இடுப்பை மட்டும் பக்கவாட்டில் திருப்பி, அடுத்த வாளியில் போடுகிறார். குனிதல், பாரம், திருகல் மூன்றும் ஒரே அசைவில் சேர்கின்றன. வட்டுக்கு இதைவிடக் கெடுதலான சேர்க்கை இல்லை. வாளியை முழங்கால் உயரக் கல்லின் மேல் வைத்து, போர்வையைச் சுருட்டிப் பகுதி பகுதியாகப் பிழிந்து, திரும்பும்போது பாதங்களையும் சேர்த்துத் திருப்பினால் போதும். வேலை அதேதான், மூன்றுமே குறைந்துவிடும்.

அதிகாலையின் தனிச் சிக்கல்

படுத்திருக்கும்போது வட்டுகளின் மேல் பாரம் குறைவு. அந்த நேரத்தில் அவை நீரை உறிஞ்சி, இரவு ஊறிய உளுந்தைப் போல உப்பிவிடுகின்றன. அதனால்தான் காலையில் எல்லோருமே ஓரிரு சென்டிமீட்டர் உயரமாக எழுகிறோம். எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே அந்த உயரத்தில் பாதி குறைந்துவிடும். வட்டு உப்பியிருக்கும் அந்த நேரத்தில் குனிந்தால், வட்டின் மேலும் அதைச் சுற்றிய தசைநார்களின் மேலும் விழும் இழுவிசை, பகலில் விழுவதைவிட அதிகம் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. அமெரிக்க ஆய்வாளர் ஸ்னூக், நாட்பட்ட இடுப்பு வலி உள்ளவர்களிடம் காலையில் குனிவதைத் தவிர்க்கச் சொல்லிப் பார்த்தார். அவர்களின் வலி குறைந்தது என்று 1998-இல் அந்த ஆய்வு வெளியானது.

நம் வீடுகளின் காலை அட்டவணையை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். பாயைச் சுருட்டுவது, வாசல் பெருக்குவது, சாணமோ தண்ணீரோ தெளிப்பது, கோலம் போடுவது, முந்தைய இரவின் பாத்திரங்களைத் தேய்ப்பது என்று குனியும் வேலைகள் அத்தனையும் முதல் ஒரு மணி நேரத்தில்தான் குவிந்து கிடக்கின்றன. கோலத்தைக் கைவிடச் சொல்லத் தேவையில்லை. ஏற்கெனவே இடுப்பு வலி உள்ளவர் அடுப்படியில் நின்று செய்யும் வேலைகளை முதலில் முடித்துக்கொண்டு, வாசலை அரை மணி, முக்கால் மணி தள்ளிவைக்கலாம். பெரிய கோலத்தை மார்கழிக்கு வைத்துக்கொண்டு மற்ற நாட்களில் சிறியதாகப் போடலாம். கோலம் போடும்போது இடுப்பை மடக்கி நின்ற இடத்திலிருந்தே எட்டி எட்டி இழுக்காமல், பாதத்தை நகர்த்தி உடம்பைக் கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகலாம்.

சரியாகத் தூக்கக் கற்றால் போதுமா?

ஆய்வாளர்கள் அதிகம் மோதிக்கொண்ட கேள்வி இது. அழுத்தமானி காட்டிய கணக்கின்படி முழங்காலை மடக்கித் தூக்குவது நல்லதே. ஆனால் தூக்கும் முறையைக் கற்றுக்கொடுத்த பிறகு இடுப்பு வலி குறைந்ததா என்று பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2011-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, பயிற்சியால் மட்டும் வலி தடுக்கப்பட்டதற்குச் சான்று இல்லை என்றது. தூக்கும்போது முதுகு எவ்வளவு வளைகிறது என்பதற்கும் இடுப்பு வலிக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்ந்த 2020-ஆம் ஆண்டு மதிப்பாய்வும் தெளிவான தொடர்பைக் காணவில்லை.

இந்த முரண்பாட்டுக்கு விடை வீட்டிலேயே இருக்கிறது. வீட்டு வேலையில் நாள் முழுக்க எத்தனை முறை குனிகிறோம் என்று எண்ணிப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் குந்தி எழுவது யாருக்கும் முடியாது என்பது புரியும். நாற்பதைக் கடந்தவர்களின் முழங்கால் அதைத் தாங்காது. கீழே கிடக்கும் ஸ்பூனை எடுக்க அப்படிக் குந்தவும் வேண்டாம். வளைவதற்காகவே அமைந்தது முதுகெலும்பு. எப்போதாவது குனிவது அதைக் கெடுக்காது. குனிந்தால் ஏதோ ஆகிவிடும் என்ற பயத்தில் உடம்பை விறைப்பாக வைத்துக்கொள்பவர்களுக்கு வலி நீடிக்கிறது. சிக்கல் வருவது கனமான பாரத்தோடு குனியும்போதும், நெடுநேரம் குனிந்தே இருக்கும்போதும்தான். முழுதாகக் குனிந்த நிலையில் முதுகுத் தசைகள் வேலையை நிறுத்திவிடும், பாரம் தசைநார்களுக்கு மாறிவிடும் என்பது 1950-களிலேயே கண்டறியப்பட்டது. நெடுநேரம் இழுபட்ட தசைநார் தளர்ந்து, நிமிர்ந்த பிறகும் சிறிது நேரம் முதுகெலும்பை இறுகப் பிடிக்காது. அரை மணி நேரம் குனிந்து பாத்திரம் தேய்த்துவிட்டு உடனே தண்ணீர் அண்டாவைத் தூக்கும்போது “இடுப்பு பிடிச்சுக்கிச்சு” என்று சொல்ல நேர்வது இதனால்தான்.

ஆகவே முறை முக்கியம்தான், கனமான பொருட்களுக்கு. மற்றவற்றுக்கு வேலையையே மாற்றி அமைக்க வேண்டும்.

உயரமும் கருவியும்

ஒரு கருவியின் நீளம் மனிதர்களின் முதுகை உடைக்கும் என்பதை நீதிமன்றமே ஏற்ற வரலாறு உண்டு. கலிபோர்னியாவின் காய்கறித் தோட்டங்களில் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்களுக்குக் கைப்பிடி குட்டையான களைக்கொட்டைத்தான் கொடுத்தார்கள். அதைக் கொண்டு நாள் முழுக்க இரண்டாக மடிந்தே வேலை செய்ய வேண்டும். நீண்ட போராட்டத்துக்கும் மருத்துவர்களின் சாட்சியங்களுக்கும் பிறகு, 1975-இல் அந்த மாநிலத்தில் குட்டைக் களைக்கொட்டு ஆபத்தான கருவி எனத் தடைசெய்யப்பட்டது. நீளக் கைப்பிடி வந்த பிறகும் களை எடுக்கும் வேலை நடந்தது.

நம் வீட்டு ஈர்க்குமாறும் பூந்துடைப்பமும் அதே கேள்வியை எழுப்புகின்றன. பிடி குட்டை என்பதால் பெருக்குபவர் குனிந்தே ஆக வேண்டும். ஈர்க்குமாற்றை நீளமான கழியில் கட்டிக்கொள்ளலாம். நீளப் பிடி போட்ட துடைப்பங்கள் கடையிலும் கிடைக்கின்றன. மாப்பின் கைப்பிடி நெஞ்சு உயரத்துக்கும் மேல் வர வேண்டும். ஒரு காலை முன்வைத்து, இடுப்பைத் திருகாமல், எடையைக் காலிலிருந்து காலுக்கு மாற்றிக்கொண்டு துடைக்க வேண்டும். மாப்பைக் கையால் பிழியக் குனிவதாக இருந்தால் நீளக் கைப்பிடியின் பயன் பாதி போய்விடும். பிழிவான் உள்ள வாளி அதற்கு ஏற்றது.

அடுப்படி மேடைக்கு ஒரே உயரம் எல்லோருக்கும் பொருந்தாது. காய் நறுக்கவும் மாவு பிசையவும் மேடை முழங்கைக்கு ஒரு சாண் அளவுக்குள் கீழே இருக்க வேண்டும். வீடு கட்டும்போது பெரும்பாலும் கொத்தனார் தன் வழக்கமான அளவில் மேடை போட்டுவிடுகிறார். சமைக்கப்போகிறவரை நிற்கவைத்து முழங்கையை அளந்துவிட்டு மேடை போடச் சொல்லலாம். இதற்குக் கூடுதல் செலவே இல்லை. சிங்க்கில் சிக்கல் வேறு. மேடை சரியான உயரத்தில் இருந்தாலும் தொட்டியின் அடிப்பகுதி ஒரு சாண் கீழே போய்விடுகிறது. பாத்திரம் தேய்க்கும் கை அங்கே இறங்க, முதுகும் கூடவே இறங்குகிறது. தொட்டிக்குள் ஒரு பேசினைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் வைத்துத் தேய்த்தால் இந்த இறக்கம் சரியாகும். நெடுநேரம் நிற்பவர் ஒரு காலை அரையடி உயரப் பலகையில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டால் இடுப்பு இறுகாது.

தரையில் உட்கார்ந்து செய்யும் வேலைகளுக்கும் இதே கணக்குதான். பச்சிளங் குழந்தையைப் பாட்டி குளிப்பாட்டும் முறையைப் பாருங்கள். தாழ்ந்த மணையில் உட்கார்ந்து, கால்களை நேராக நீட்டி, குழந்தையைக் காலின் மேல் கிடத்தி, முன்னால் வளைந்து கணுக்கால் வரை கையை நீட்டித் தேய்க்கிறார். நீட்டிய கால்கள் இடுப்பைப் பின்னுக்கு இழுப்பதால் முதுகு முழுதாக வளைகிறது. அறுபது வயதை நெருங்கும் உடம்புக்கு இது கடினம். மணையை உயர்த்தி, முதுகுக்குச் சுவரின் தாங்கல் கொடுத்து, வெந்நீரையும் சொம்பையும் ஒருவர் எடுத்துத் தந்தால் பாட்டியின் கைப்பக்குவமும் நிலைக்கும், இடுப்பும் தாங்கும்.

பாரம்

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ், தூக்கும் பாரத்துக்கு ஒரு சூத்திரம் வகுத்துள்ளது. பொருள் உடலோடு ஒட்டி, இடுப்பு உயரத்தில், திருகாமல், எப்போதாவது மட்டும் தூக்கப்படும் மிகச் சாதகமான நிலையில்கூட 23 கிலோவைத்தான் அது எல்லையாக வைக்கிறது. பாரம் தள்ளிப்போனாலும், தரைக்கு இறங்கினாலும், அடிக்கடி தூக்கினாலும் அந்த எல்லை வேகமாகக் குறையும்.

வீட்டுக்கு வரும் கேஸ் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. உருளையின் எடையையும் சேர்த்தால் ஏறத்தாழ 30 கிலோ. அதாவது மிகச் சாதகமான நிலைக்கான எல்லையையும் தாண்டிய பாரம், தரையிலிருந்து, மேடைக்கு அடியில் ஒரு குறுகிய இடுக்குக்குள் தள்ளப்படுகிறது. அதை ஒருவர் தனியாகத் தூக்கவே கூடாது. சக்கரம் வைத்த சிலிண்டர் தாங்கி மலிவானது. சிலிண்டர் கொண்டுவருபவரையே அடுப்பறை வரை வைத்துத்தரச் சொல்லலாம். தனியே வாழும் முதியவர்களுக்கு 5 கிலோ சிலிண்டர் பொருத்தமானது. 25 கிலோ அரிசிச் சிப்பத்தையும் இறங்கிய இடத்திலேயே பிரித்து, பாதி பாதியாக டப்பாவுக்கு மாற்றினால் பாரம் பாதியாகிவிடும்.

தண்ணீர்க் குடம் தனியாகப் பேச வேண்டியது. ஒரு பக்க இடுப்பில் குடத்தை ஏற்றினால் மறுபக்கத் தசைகள் உடம்பைச் சாயவிடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த இழுப்பும் முதுகெலும்பின் மேல் பாரமாகிறது. ஒரே எடையை இரு கைகளுக்கும் பிரித்துச் சுமந்தால் முதுகெலும்பின் சுமை குறைகிறது என்று கனடா ஆய்வாளர் மெக்கில் குழுவினர் 2013-இல் காட்டினார்கள். ஆகவே ஒரு நிறைகுடத்துக்குப் பதில் இரண்டு அரை வாளிகள் நல்லது. ஆனால் தெருக்குழாயில் வரிசையில் நின்று, தண்ணீர் நிற்பதற்குள் பிடித்து, மாடி ஏற வேண்டிய பெண்ணிடம் இதைச் சொல்வதோடு நம் கடமை முடிவதில்லை. வீட்டுக்குள் குழாய் வருவதே அவர் முதுகுக்கான மருத்துவம். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் போன்ற குடிநீர்த் திட்டங்களை இந்தக் கோணத்திலும் எடைபோட வேண்டும். 2011-இல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர் கொடுக்கத் தொடங்கியதும் அப்படித்தான். ஆட்டுக்கல்லின் முன்னால் வளைந்து உட்கார்ந்த நேரம் பல லட்சம் வீடுகளில் இல்லாமல் போனது.

படுக்கையில் இருக்கும் நோயாளியைப் பார்த்துக்கொள்வது வீட்டிலேயே மிகக் கனமான பாரம். அக்குளில் கைகொடுத்து ஒருவராகத் தூக்குவதால் பார்த்துக்கொள்பவரும் நோயாளியாகிறார். நோயாளியின் அடியில் மடித்த போர்வை ஒன்றை விரித்து, இருபுறமும் இருவர் பிடித்து நகர்த்துவதே சரியான முறை.

நேரமும் பங்கும்

மத்தியப் புள்ளியியல் துறையின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் இந்தியப் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். முதுகு வலி பற்றிய எந்த ஆலோசனையையும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஏறத்தாழ ஐந்து மணி நேர வேலையை ஒரே முதுகு சுமக்கும் வரை, தூக்கும் முறையைப் பற்றிய பாடம் அதிகம் உதவாது. பாத்திரம், துணி, தரை, தண்ணீர் என்ற நான்கு குனியும் வேலைகளில் இரண்டை வீட்டில் இன்னொருவர் எடுத்துக்கொண்டாலே இடுப்பின் பாரம் எந்த பெல்ட்டாலும் குறைக்க முடியாத அளவுக்குக் குறையும். நான்கு வீடுகளில் அதே வேலைகளைச் செய்யும் வீட்டுப் பணியாளரின் முதுகும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். அவருக்கு நீளத் துடைப்பமும், உயரமான பாத்திரத் தொட்டியும், உட்கார ஒரு ஸ்டூலும் வாங்கி வைப்பது வேலை கொடுப்பவரின் பொறுப்பு.

நேரத்தைப் பொறுத்தவரை விதி எளிது. ஒரே நிலையில் இருபது நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டாம். பாத்திரத்தையும் துணியையும் அடுத்தடுத்து வைக்காமல் நடுவே நின்று செய்யும் வேலையை நுழைக்கலாம். குனியும் வேலை முடிந்ததும் இடுப்பில் கைவைத்து நான்கைந்து முறை பின்னால் மெல்லச் சாய்ந்துவிட்டு, ஒரு நிமிடம் நடந்த பிறகே பாரத்தைத் தூக்க வேண்டும்.

உடம்பைப் பழக்குவது

வலியைத் தடுப்பதில் இதுவரை நன்றாகத் தேறியது உடற்பயிற்சிதான். உடற்பயிற்சியும் உடல் பற்றிய விளக்கமும் சேரும்போது இடுப்பு வலி வரும் வாய்ப்பு கணிசமாகக் குறைகிறது, இடுப்பு பெல்ட்டும் காலணிக்குள் வைக்கும் மெத்தையும் தடுப்பதாகத் தெரியவில்லை என்று 2016-ஆம் ஆண்டின் ஒரு பெரிய மதிப்பாய்வு சொன்னது. 2024-இல் லான்செட்டில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு இன்னும் எளிமையானது. இடுப்பு வலியிலிருந்து மீண்ட 701 பேரில் ஒரு பகுதியினருக்குப் படிப்படியாக நடைப்பயிற்சி கொடுத்தார்கள். நடந்தவர்களுக்கு வலி திரும்ப வர எடுத்த காலம் நடுமதிப்பில் 208 நாள், நடக்காதவர்களுக்கு 112 நாள்.

“வீட்டு வேலையே போதுமான உடற்பயிற்சி” என்ற பேச்சு இங்கேதான் உடைகிறது. வீட்டு வேலை ஒரே தசைகளை ஒரே திசையில் களைப்படைய வைக்கிறது. நடையும் பிட்டம், வயிறு, முதுகுத் தசைகளுக்கான பயிற்சியும் அவற்றை வலுவாக்குகின்றன. அதற்கான அரை மணி நேரத்தை வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு விட்டுக்கொடுப்பதும் வேலைப் பங்கீட்டில் அடங்கும்.

வலி வந்துவிட்டால்

திடீரென்று பிடித்துக்கொள்ளும் வலியில் பெரும்பாலானவை சில வாரங்களில் தாமே தணியும். அதனால்தான் சுளுக்கு எடுப்பவர், கால் முதலில் வரப் பிறந்தவரிடம் மிதி வாங்குவது, தைலம் எல்லாவற்றுக்கும் பெயர் கிடைக்கிறது. இதமான தைலத்தால் கேடில்லை. ஆனால் முதுகை மிதிக்கவிடுவது ஆபத்து. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு மெலிந்த பெண்களுக்கு முள்ளெலும்பு முறியலாம். முதுகெலும்புக் காசநோய் மறைந்திருக்கலாம். படுத்தே கிடப்பதும் உதவாது. பின்லாந்தில் ஹெல்சிங்கி மாநகர ஊழியர்களிடம் செய்து 1995-இல் வெளியான ஆய்வில், முழு ஓய்வு எடுத்தவர்களைவிட முடிந்த அளவு அன்றாட வேலைகளைத் தொடர்ந்தவர்களே விரைவில் மீண்டார்கள். சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசியால்தான் வலி என்று ஆண்டுக்கணக்கில் நம்புகிறவர்கள் ஏராளம். பிரசவித்தவர்களைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வுகள் அந்த ஊசிக்கும் நீண்டகால முதுகு வலிக்கும் தொடர்பைக் காணவில்லை. தளர்ந்த வயிற்றுத் தசைகளும், குழந்தையை நாள் முழுக்கத் தூக்கி இறக்குவதும்தான் கவனிக்க வேண்டியவை. ஸ்கேனில் ‘ஜவ்வு பிதுங்கியிருக்கிறது’ என்று வந்தாலும் அஞ்ச வேண்டாம். வலியே இல்லாத இருபது வயதினரில்கூட ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு அப்படிப் பிதுக்கம் தெரிவதாக 2015-ஆம் ஆண்டு மதிப்பாய்வு ஒன்று சொல்கிறது.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போவது அல்லது அடைத்துக்கொள்வது, தொடையிடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போவது, பாதம் வலுவிழந்து இழுபடுவது ஆகியவை அவசர நிலை. காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, இரவில் ஓயாத வலி, விழுந்த பிறகு வந்த வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வரும் வலி ஆகியவற்றுக்கும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்துக்கடையில் மாதக்கணக்கில் வலி மாத்திரை வாங்கித் தின்பது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

ஆய்வுகளின் மொத்தப் பொருளைப் பார்த்தால் வரிசை தெளிவாக இருக்கிறது. முதலில் தேவையற்ற பாரத்தை நீக்க வேண்டும். அடுத்து வேலையைக் கைக்கு எட்டும் உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு நேரத்தைப் பிரித்து, வேலையைப் பகிர்ந்து, உடம்பை வலுவாக்க வேண்டும். எப்படித் தூக்குவது என்ற பாடம் இவற்றுக்குத் துணையாக வந்தால்தான் பயன் தரும். நாம் இதுவரை கடைசியில் உள்ளதை மட்டும் முதலில் வைத்து, வலியின் பழியைக் குனிந்தவர் மேலேயே போட்டுவந்திருக்கிறோம். ஒரு வீட்டில் ஒருவருக்கு இடுப்பு வலி என்றால் அந்த வீட்டிலுள்ள எல்லோரும் உட்கார்ந்து துடைப்பத்தின் நீளம், சிங்க்கின் ஆழம், தண்ணீர் வரும் வழி, யார் எந்த வேலையைச் செய்கிறார்கள் என்பதைப் பேச வேண்டும். மருத்துவரிடம் போவதற்கு முன்பே தொடங்கக்கூடிய சிகிச்சை அது.